கிளப்பில் சொன்னது கிளப்போடு

ஓல்டம்
இங்கிலாந்து, 4 மார்ச் 1991

அன்புத் தம்பி கிளிஃபுக்கு,

நலமா? காது வலி குறைந்ததா? ஃபாக்லாண்ட் காற்று காதுக்குள் புகுந்தால் லேசில் போகாது என்று நீதான் எழுதியிருந்தாய், தொப்பியைப் போட்டுக்கொள். இங்கே நானும் உன் மகள் கெர்ரியும் சுகம். என் முழங்கால் மட்டும் பழையபடி.

ஒரு சேதி, உட்கார்ந்து படி. போக்குவரத்து வார்டன் வேலையை விட்டுவிட்டேன். மழையில் நின்று ஊரார் கார்களுக்கு அபராதச் சீட்டு ஒட்டி, ஊரார் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். நாற்பத்தேழு வயதில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருக்கிறேன். பதின்வயதுப் பிள்ளைகள் மாலையில் கூடும் யூத் கிளப்பில் இளைஞர் பணியாளர் ஆவதற்கான இரண்டு வருஷப் பயிற்சி. மாலையில் கிளப்பில் வேலை, வாரத்தில் ஒரு நாள் கல்லூரியில் பாடம். எனக்கு வேலை கற்றுத்தரும் மர்சியாவுக்கு வயது இருபத்தாறு. என் சப்பாத்து ஜோடி ஒன்றுக்கே அதைவிட வயது அதிகம்.

முதல் நாளே சொதப்பல். வாசலில் சைக்கிள்கள் கண்டபடி கிடந்தன. பழக்க தோஷம், "இதையெல்லாம் எடுங்க, ரெண்டு நிமிஷம் டைம் தரேன்" என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு பூல் பந்தாட்ட மேசைப் பக்கமிருந்து ஒரு குரல்: "டேய், டிக்கெட் பொம்பளடா. எங்கக்கா கல்யாணத்தன்னிக்கு சர்ச் வாசல்ல எங்கப்பா வேனுக்குச் சீட்டு ஒட்டினது இவதான்." வண்டி நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டின் மேல் நிறுத்தினால் நான் என்ன செய்வது? மர்சியா என்னைத் தனியே கூப்பிட்டு, "டோரீன், இங்க யாரும் கார் நிறுத்த வரல" என்றாள்.

கெர்ரியும் அதே கிளப்புக்குத்தான் வருகிறாள். "அங்க நீ எனக்கு அத்தை கிடையாது, வெறும் டோரீன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். உனக்கு எழுதச் சொன்னேன். "சிப்ஸ் வாங்கப் போறப்ப எழுதறேன்" என்றாள். உனக்கு இது வேண்டும். பதினைந்து வயது மகளிடம், ஒரு வருஷம் உலகத்தின் கடைக்கோடிக்குச் சமையல் வேலைக்குப் போகிறேன் என்பதை மீனும் சிப்ஸும் பொரித்து விற்கும் கடை வரிசையில் நின்றுகொண்டு, கடைக்காரன் வினிகர் ஊற்றட்டுமா என்று கேட்கிற நேரத்தில் சொன்ன அப்பன் நீ ஒருவன்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
டோரீன்


ராணுவ முகாம் சமையற்கட்டு, ஃபாக்லாண்ட்
23 மார்ச் 1991

அன்பு அக்கா,

நான் நலம். காது தேவலை. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

பிள்ளைகள் பூல் விளையாடுவதை வேடிக்கை பார்க்க ஒரு படிப்பா? அதற்கு இரண்டு வருஷமா? பட்டாளத்துப் பையன்களிடம் படித்துக் காட்டினேன். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் உன்னை எந்தத் தெருவில் பார்த்தேன் என்று யோசிக்கிறான், அவன் மாமாவுக்கும் சீட்டு ஒட்டியிருக்கிறாயாம்.

இங்கே திங்கள் ஆட்டுக்கறி, செவ்வாய் ஆட்டுக்கறி. புதனன்று மாற்றம் வேண்டுமே என்று அதையே கொத்திப் போடுகிறேன்.

சிப்ஸ் கடை விஷயத்தை எத்தனை முறை சொல்லுவாய்? கூட்டத்துக்கு நடுவில் சொன்னால் அழமாட்டாள் என்று நினைத்தேன். அவளும் அழவில்லை. பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு நடந்து போனாள், அவ்வளவுதான். அவள் அம்மா லினெட் ஸ்பெயினுக்கு ஓடிப்போய் பார் நடத்த ஆரம்பித்தபோதும் இவள் இப்படித்தான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது முக்கியமான சங்கதி. இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கச் சம்மதமா என்று கேட்கிறார்கள். செப்டம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. நான் திரும்பி வருவதைக் கெர்ரி விரும்புகிறாளா, இல்லையா? அவள் விரும்பாத வீட்டில் வந்து உட்கார எனக்குத் தைரியம் இல்லை அக்கா. ஜாடைமாடையாக விசாரித்து எழுது.

அன்புடன்,
கிளிஃப்


ஓல்டம்
14 ஏப்ரல் 1991

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். ஒத்தடம் கொடுத்தேன், முழங்கால் கண்டுகொள்ளவில்லை.

ஜாடைமாடையாக விசாரிப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. வார்டனாக இருந்தவளுக்குத் தெரிந்தது ஒரே கேள்வி: "இது உங்க வண்டியா?" கிளப்பிலும் அதே கதைதான். ஒரு பெண் மூலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நேராகப் போய் எதிரில் நின்று, "என்ன பிரச்சினை உனக்கு?" என்றேன். எழுந்து வெளியே போய்விட்டாள். அப்புறம் மர்சியா அவளை டோஸ்ட் போடக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல், ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்கள். ஒரு பாக்கெட் ரொட்டி தீர்வதற்குள் அந்தப் பெண் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"நீங்க ஒண்ணுமே கேக்கலையே" என்றேன்.

"கேட்டா போயிடுவாங்க டோரீன். இங்க யாரையும் யாரும் கட்டிப் போடல. பிடிச்சா வருவாங்க, பிடிக்கலன்னா கதவு திறந்திருக்கு. ஸ்கூல் மாதிரி இல்ல."

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் "இன்று என் மனதில் என்ன தோன்றியது" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "பசி" என்று எழுதினேன். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நான் சேர்ந்து ஆறு மாதம் ஆனதும் பிள்ளைகளின் கமிட்டி உட்காரும். நான் தொடரலாமா கூடாதா என்பதில் அவர்கள் சொல்வதும் எடுபடும். எனக்குப் பதைப்பாக இருக்கிறது கிளிஃப். வேலை போனால் மறுபடி மஞ்சள் கோடுதான். அந்தப் பிள்ளைகள் என்னை இன்னமும் "டிக்கெட்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கெர்ரி உன்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. டோஸ்ட் முறையை வீட்டில் முயன்றேன். "அத்தை, உனக்கு என்ன ஆச்சு, எட்டு ரொட்டி யாருக்கு?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

காதைக் கவனி.

டோரீன்


ஓல்டம்
27 மே 1991

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலம்தானே. உன் மே மாதக் கடிதம் வந்தது. பென்குயின் ஒன்று சமையற்கட்டுக்குள் வந்து மாவு மூட்டையில் ஏறிக்கொண்டதைக் கெர்ரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் பிறகு பார்த்தால் கடிதத்தை வைத்த இடத்தில் காணோம்.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. கெர்ரி நன்றாகச் சாப்பிடுகிறாள். நன்றாகத் தூங்குகிறாள். முடியை வெட்டிக்கொண்டாள், நன்றாகத்தான் இருக்கிறது. பருவநிலை நன்றாக இருக்கிறது.

நீ கேட்ட கேள்விக்கு என்ன எழுதுவது? ஒன்றுமில்லை. அதாவது, எழுதும்படி ஒன்றுமில்லை. பிள்ளைகள் மனது இன்றைக்கு ஒன்று நினைக்கும், நாளைக்கு ஒன்று நினைக்கும்.

நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துப் படித்தேன். கடும் வெயில் அடிக்கும் ஊர்களுக்கு நம்மவர்கள் போனால் முதல் வாரத்திலேயே தோல் உரிந்துவிடுமாம். வெள்ளைத் தோல் பெண்பிள்ளைகளுக்கு இன்னும் மோசமாம். சும்மா எழுதினேன்.

கிளிஃப், அவளுக்கு நீயே ஒரு கடிதம் போடேன்.

அக்கா


ஃபாக்லாண்ட்
12 ஜூன் 1991

அன்பு அக்கா,

சுகம். இங்கே ஜூனில்தான் குளிர்காலம், பனி கொட்டுகிறது. உன் சுகம் எப்படி என்பதுதான் எனக்குக் கவலை.

உன் கடிதத்தை மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒரே கடிதத்தில் ஐந்து இடத்தில் "நன்றாக" வருகிறது. நீ ஆயுளில் எதையுமே நன்றாக இருக்கிறது என்று சொன்னவள் இல்லை. என் கல்யாணத்தில்கூட "பரவாயில்லை" என்றாய். என்னத்தை மறைக்கிறாய்?

தோல் உரிவதைப் பற்றி ஏன் எழுதினாய்? ஓல்டமில் வெயிலடித்தால் பேப்பரில் போடுவார்கள். யாராவது பையனா? கடற்கரை ஊர்ப் பையனா? கெர்ரிக்கு ஏதாவது தொற்று நோயா? தோல் நோயா? முகாம் டாக்டரிடம் விசாரித்தேன். அவர் என் தோலைச் சோதித்துக் களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவளுக்கு நான் எழுதி, அவள் பதில் போடாவிட்டால்? அதற்குத்தான் உன்னைக் கேட்கிறேன். உண்மையை எழுது.

கிளிஃப்


ஓல்டம்
29 ஜூன் 1991

அன்புத் தம்பிக்கு,

நலம். களிம்பு விஷயத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு எனக்கே பாவமாக இருந்தது. நோய் எதுவும் இல்லை. பையனும் இல்லை.

உண்மையைக் கேட்டாய், எழுதுகிறேன். கெர்ரி என்னிடம் ஒன்று சொன்னாள். அது உன் கேள்விக்கு ஒட்டிய விஷயம்தான். ஆனால் வீட்டில் சொல்லவில்லை. கிளப்பில், பாத்திரம் கழுவும்போது சொன்னாள். அதனால் என்னால் உனக்குச் சொல்ல முடியாது.

குதிக்காதே. நானும் குதித்தேன். மர்சியாவிடம் போனேன். இன்ன பிள்ளை, இன்ன விஷயம் என்று சொல்லாமல் பொதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டேன். அவள் சட்டென்று பிடித்துவிட்டாள்.

"உசுருக்கு ஆபத்தா? யாராவது அவளை ஏதாவது பண்றாங்களா?"

"இல்ல. அப்படி எதுவும் இல்ல."

"அப்ப அது அவளோடது. நீங்க வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது. கிளப்புல சொன்னது கிளப்போட."

"அவங்கப்பன் என் தம்பி மர்சியா. டயப்பர் மாத்தி வளத்திருக்கேன்."

"சரி, அவர் கிளப்புக்கு வந்தா அவருக்கும் இதே சட்டம்தான்."

வீட்டில் அவளும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பட்டாணியும் கறி வைத்துச் சுட்ட ரொட்டியும் சாப்பிடுகிறோம். எனக்கு வாய் துறுதுறு என்கிறது. அவளோ "அத்தை, உப்பு" என்கிறாள். என் உடம்பு இளைத்துவிட்டது.

நீயே கேள் கிளிஃப். தயவுசெய்து நீயே அவளைக் கேள்.

டோரீன்


ஃபாக்லாண்ட்
14 ஜூலை 1991

டோரீன்,

நலம்.

கூடப்பிறந்தவன் ஒரு கேள்வி கேட்டான். உனக்குப் பதில் தெரியும். சொல்ல மாட்டாய். காரணம், பாத்திரம் கழுவும் இடம் சரியில்லையாம். வீட்டுத் தொட்டியில் கழுவியிருந்தால் சொல்லியிருப்பாய் போல.

நல்ல பதிலாக இருந்தால் நீ எப்படியாவது சாடை காட்டியிருப்பாய். ஆக, அவளுக்கு நான் வேண்டாம். எனக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு வருஷத்துக்கான தாள் அதிகாரியின் மேசையில் இருக்கிறது.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

கிளிஃபர்ட்


ஓல்டம்
25 ஆகஸ்ட் 1991

அன்புத் தம்பிக்கு,

நலமா? ஜூலைக் கடிதத்துக்கு இரண்டு முறை பதில் போட்டேன். ஒன்றுக்கும் மறுமொழி இல்லை. நீ முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டபோதே தெரிந்தது, இது லேசில் ஆறாது என்று.

அந்த இரண்டு கடிதத்திலும் வானிலையை எழுதினேன். மூன்றாவதாக ஒன்று எழுதினேன், அதில் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். தபால் பெட்டி வரை போனேன். பெட்டியின் வாய்க்குள் கையும் போய்விட்டது. அப்போது பார்த்து அந்தக் கல்யாண வேன் பையன் சைக்கிளில் போனான். "ஹலோ டோரீன்" என்றான். டிக்கெட் என்று சொல்லவில்லை. ஆறு மாதத்தில் முதல் தடவை. அங்கேயே நின்று கடிதத்தைக் கிழித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். குப்பை போட்டதற்கு எனக்கு யாரும் சீட்டு ஒட்டிவிடக் கூடாதே.

பிள்ளைகளை ஏரிப்பக்கம் கூடாரம் போடக் கூட்டிப்போனோம். மூன்று நாளும் மழை. கூடாரத்தை நான் சரியாகக் கட்டாததால் அது எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. எல்லாரும் வேனில் நெருக்கியடித்துத் தூங்கினோம். சிரித்துச் சிரித்து விலா வலித்தது. கெர்ரி என் தோளில் தூங்கினாள். கிளப் நேரம்தான், ஆனாலும் நான் தோளை அசைக்கவில்லை.

கமிட்டி அடுத்த மாதம். கெர்ரியும் அதில் உறுப்பினர்தான், ஆனால் என் சொந்தம் என்பதால் அன்று வெளியே உட்காருவாள்.

கிளிஃப், நான் கற்றுக்கொண்ட ஒன்றை மட்டும் உனக்குச் சொல்கிறேன், இது ரகசியம் இல்லை. நேரே நின்று கேட்டால் பிள்ளைகள் ஓடுகிறார்கள். பக்கத்தில் நின்று ஏதாவது வேலை செய்துகொண்டே இருந்தால் தாமாகப் பேசுகிறார்கள். நீ அவ்வளவு தூரத்தில் இருந்து பக்கத்தில் நிற்க முடியாதுதான். என்ன சமைத்தாய் என்று எழுது. அதற்கு நடுவில் கேட்டுவிடு. உன் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேள்.

என்மேல் கோபமாகவே இரு. ஆனால் அவளைக் கேள்.

உன் அக்கா


ஃபாக்லாண்ட்
5 செப்டம்பர் 1991

அன்பு மகள் கெர்ரிக்கு,

நலமா? படிப்பு எப்படிப் போகிறது? நான் நலம்.

இன்றைக்கு முந்நூறு பேருக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. முதலில் கறியை வதக்க வேண்டும், அவசரப்பட்டால் தோல் மாதிரி ஆகிவிடும். அப்புறம் கேரட். கேரட்டை இங்கே யாரும் ஒழுங்காகத் தோல் சீவுவதில்லை. பெரிய தேக்சாவைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மாவு மூட்டைப் பென்குயின் மறுபடி வந்தது, இந்தத் தடவை கூட்டாளியோடு. உன்னிடம் அந்தக் கடையில் அப்படிச் சொன்னது தப்பு. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது, அதனால் மீன் பொரிப்பவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். குழம்பு கொதித்ததும் தீயைக் குறைக்க வேண்டும். டிசம்பரில் நான் வீட்டுக்கு வரட்டுமா, வேண்டாமா? நீ என்ன சொன்னாலும் சரி. உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும்.

முந்நூறு பேருக்கு உருளைக்கிழங்கு தனி.

அப்பா


ஓல்டம்
19 செப்டம்பர் 1991

அப்பா,

நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்க? அத்தை சுகம்தான், ஆனா மே மாசத்திலிருந்து அரை ஆளா ஆயிடுச்சு. அதுக்குக் காரணம் நான்தான்.

எங்க கிளப்புல ஒரு வழக்கம் இருக்கு. புதுசா யார் வேலைக்கு வந்தாலும் ஒரு பொய்யை ரகசியம்னு சொல்லிக் கொடுப்போம். அது எங்க அம்மா அப்பா வாய் வழியா திரும்பி வந்தா அந்த ஆள் காலி, அப்புறம் யாரும் அவங்ககிட்ட பேச மாட்டோம். போன வருஷம் ஒருத்தர் வந்தார், கிடார் எல்லாம் வாசிச்சார். ஒரு வாரம்கூடத் தாங்கல. அத்தைக்குக் கொடுக்க வேண்டியது என் முறை. சொந்தக்காரி, தாங்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அதனால இருக்கிறதிலேயே பெரிய பொய்யா எடுத்தேன். ஸ்கூலை விட்டுட்டு ஸ்பெயினுக்கு அம்மாகூடப் போய் இருக்கப் போறேன், திரும்பி வர மாட்டேன், அப்பாகிட்ட சொல்லாதன்னேன். அத்தை கையிலிருந்து தட்டு விழுந்து உடைஞ்சுது.

நீ கோபமா ஒரு கடிதம் போடுவன்னு தினமும் தபால்காரரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். வரல. உன் கடிதம் அத்தைக்கு வந்துது, அத்தை அழுதுது, அப்பவும் சொல்லல. எனக்கே தாங்கல. ஆனா கமிட்டி முடியற வரைக்கும் யாரும் உடைக்கக் கூடாதுங்கறது விதி.

நேத்து கமிட்டி முடிஞ்சுது. நான் வெளிய உட்கார்ந்திருந்தேன். உள்ளே கை தட்டின சத்தம் கேட்டுது. அத்தைக்கு மீதிப் பயிற்சி உண்டு.

இன்னொண்ணும் சொல்லணும். மே மாசத்துல அது முழுப் பொய் இல்ல. அம்மாவுக்குப் போன் பண்ணி நம்பரை அழுத்திட்டு வெச்சிட்டேன், ரெண்டு தடவை. நான் ஸ்பெயின் கதையைச் சொல்லி, அத்தை அதை உன்கிட்டயும் சொல்லாம, என்னையும் திட்டாம, கூடவே நின்னு பாத்திரத்தைக் கழுவி முடிச்சுது. அப்புறம்தான் எனக்குப் போகணும்னு தோணல.

நீ கேட்டதுக்குப் பதில்: வா.

இதையெல்லாம் அத்தைகிட்ட சொல்லாத. வேலைக்கு வந்தவங்களுக்கு இந்த வழக்கம் தெரியக் கூடாது. தெரிஞ்சா அடுத்த ஆளுக்கு வேலை செய்யாது.

கெர்ரி


ஃபாக்லாண்ட்
1 அக்டோபர் 1991

அன்பு அக்கா,

நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது? நான் மிகவும் நலம். எழுதும்போதே நிம்மதிப் பெருமூச்சு வருகிறது.

அந்தத் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டிசம்பர் முதல் வாரம் வீட்டில் இருப்பேன். கெர்ரி எழுதியிருந்தாள். சமையற்கட்டில் நின்று படித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்ன ஆச்சு என்று பையன்கள் கேட்டார்கள், வெங்காயம் என்றேன். அன்றைக்குச் செய்துகொண்டிருந்தது கஸ்டர்டு.

ஜூலையில் உனக்கு அப்படி எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. உன் உடம்பு இளைக்க நானும் காரணம். வேலை உறுதியானதற்கு வாழ்த்துகள், இனிமேல் உன் படிப்பைப் பற்றி இங்கே எவனாவது சிரித்தால் அவனுக்கு இரண்டு நாளைக்குக் குழம்பில்லை.

அவள் என்ன எழுதினாள், ஏன் மனது மாறினாள், இத்தனை நாள் என்ன நடந்தது என்றெல்லாம் கேட்டு எழுதுவாய். எனக்குத் தெரியும். எல்லாமே எழுதியிருக்கிறாள் அக்கா, ஆதியோடந்தமாக. படித்தால் நீ தரையில் உட்கார்ந்துவிடுவாய்.

ஆனால் என்னால் சொல்ல முடியாது.

உன் தம்பி,
கிளிஃப்